கால் சுற்றுக் காற்று

"என் முதுகுல இருக்கற காத்து சிலிண்டரை இன்னொரு தடவை பாத்துடுங்களேன்" என்றான் அவன்.

இது மூன்றாவது தடவை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஏற்கெனவே பயத்தில் இருந்த அவளுக்கு, இந்தப் புது மனிதனின் குரல் எரிச்சலை மூட்டியது.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? ரெண்டு தடவை பாத்தாச்சு."

"கோவிச்சுக்காதீங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு தடவை பாத்தது போதும்னு எங்க வேலையில யாரும் சொல்ல மாட்டாங்க."

அரை மணி நேரத்துக்கு முன்புவரை அவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அக்காவோடு சேர்ந்து கடலுக்கடியில் இறங்கத்தான் அவள் இந்தத் தீவுக்கே வந்திருந்தாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் இது ஐந்தாவது திருமண நாள் பயணம். மாமாவுக்கோ தண்ணீர் என்றால் பக்கெட்டோடு சரி. கரையோரமாக மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியே மீன் பார்ப்பதற்கு மட்டும்தான் அவர் சம்மதித்தார். ஆழத்துக்குப் போகத் துணை வேண்டுமே என்று அக்கா தங்கையை இழுத்து வந்தாள். இருவரும் சேர்ந்து நான்கு நாள் பயிற்சி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை அக்கா தும்மினாள்.

ஒரு தும்மலில் திட்டம் கவிழ்ந்துவிடும் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற அவளுக்குத் தெரியும். கீழே போகப் போகத் தண்ணீர் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். மூக்கைப் பிடித்து ஊதி, உள்ளிருந்து காற்றை அனுப்பி அதைச் சரிக்கட்ட வேண்டும். சளி அடைத்திருந்தால் அந்தக் காற்று போகாது. செவிப்பறை கிழிந்துகூடப் போகலாம். அதனால் அவளே அக்காவைத் தடுத்தாள்.

ஆனால் கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக்கூடாது என்பது விதி. முதுகில் இருக்கும் சிலிண்டரைத் தன் கண்ணால் பார்க்க யாராலும் முடியாது. ஒருவர் மற்றவருடையதைப் பார்க்க வேண்டும். கூட வரவேண்டிய நண்பனுக்கு விடுப்பு கிடைக்காததால் இவன் ஒற்றை ஆளாக வந்திருந்தான். பயிற்சி தரும் மாஸ்டர் இரண்டு ஒற்றைகளையும் சேர்த்து ஒரு ஜோடி என்று எழுதிவிட்டார். அதைக் கேட்டு மாமா கரையிலிருந்து இருமியது அவளுக்குக் கேட்டது.

அவன் படகின் விளிம்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். பின்னால் போக இடமில்லை. முன்னால் நின்று, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சிலிண்டர் திருகை அவள் பிடித்தாள். கற்றுக்கொடுத்தது மனதில் ஓடியது... திறக்க, நிற்கும் வரை தன்பக்கம் திருப்பு, பிறகு கால் சுற்று மறுபக்கம். முதல் இரண்டு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. இந்தத் தடவை கோபத்தில் முழுதாகத் திருப்பினாள். கால் சுற்று விட்டாள். அளவுமானியின் ஊசி நிறைந்த இடத்தில் நின்றது.

"போதுமா?"

அவன் காற்றுக் குழலின் வாய்முனையைக் கடித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தான். தலையாட்டினான். நல்ல பெரிய கண்கள்... அவற்றில் சிரிப்பு இருந்ததா? நேராகப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விரல்கள் நடுங்குவதை இவன் பார்த்துவிடக்கூடாதே என்ற கவலையே பெரிதாக இருந்தது.

குதித்தார்கள்.

கீழே சத்தமில்லை. தன் மூச்சு மட்டும்... உள்ளே போகும்போது ஒரு சீறல், வெளியே வரும்போது குமிழிகளின் கலகலப்பு. பவளப்பாறை ஒரு சுவர்போல இறங்கி, நீலம் கறுக்கும் இடத்தில் காணாமல் போனது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் அவள் கால்விரல்கள் தாமாக மடங்கின. மாஸ்டரின் மஞ்சள் துடுப்புக் காலணிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நீந்தினாள். பதினெட்டு மீட்டர். போதும், இனி மேலேதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டபோது, யாரோ அவள் கையை இறுகப் பிடித்தார்கள்.

அவன்தான்.

சிரிப்பு போயிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அகன்று, வெள்ளை முழுதும் தெரிந்தது. விரைத்த கையால் தன் கழுத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினான். காற்று இல்லை.

ஒரு நொடி அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. அந்த நொடியின் நீளம் அவளுக்குப் பல நாட்களுக்கு மறக்கப்போவதில்லை. பிறகு கை தானாகவே மார்பில் மாட்டியிருந்த மஞ்சள் உபரிக் குழலைப் பிடுங்கி அவன் வாய்க்கு நீட்டியது. அவன் கடித்தான். குமிழி வரவில்லை... வரவில்லை... வந்தது.

இனிமேல்தான் கஷ்டம். மேலே ஓடிவிட வேண்டும் என்று உடம்பு கத்தும். ஓடக்கூடாது. ஆழத்தில் அழுந்திக் கிடக்கிற காற்று, மேலே ஏற ஏற நுரையீரலுக்குள் விரியும். விரைந்து போனால் உள்ளேயே கிழித்துவிடும். அதனால் குமிழிகளைவிட மெதுவாக ஏற வேண்டும். மேற்பரப்புக்கு ஐந்து மீட்டர் முன்னால் நின்று மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் வந்து, இருவரையும் பார்த்து, மெதுவாக என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்.

ஒரே சிலிண்டரில் இரண்டு பேர். அவளுடைய ஊசி கண்முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வெளிச்சம், தொட்டுவிடலாம் போல. ஆனால் நிற்க வேண்டும். அவன் அவளுடைய தோள்பட்டை வாரைப் பிடித்திருந்தான். அவள் அவனுடையதை. ஒரு முழம் தூரத்தில் முகத்துக்கு நேராக முகம்... வேறெங்கும் பார்க்க இடமில்லை. அவன் இழுத்தபோது அவள் இழுத்தாள். அவள் விட்டபோது அவன் விட்டான். அவன் கண்ணில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதை, அடுப்பில் பால் தணிவதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று நிமிடத்தில் ஒரு ஆளை இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா என்ன?

மேலே வந்தபோது மழை. கடல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதித்தது. படகில் ஏறியதும் மாஸ்டர் அவனுடைய சிலிண்டர் திருகில் கை வைத்தார். திருகு சுற்றியது. சுற்றிக்கொண்டே போனது. அவர் முகம் கறுத்தது.

சிலிண்டர் நிறையக் காற்று இருந்திருக்கிறது. திறந்திருந்தது கால் சுற்றுதான். மேற்பரப்பில் அந்தச் சின்ன இடுக்கே மூச்சுக்குப் போதும். பதினெட்டு மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறக்குறைய மூன்று பங்கு காற்று தேவை. இடுக்கு அவ்வளவைத் தராது. யார் கடைசியாகத் தொட்டது என்று மாஸ்டர் கேட்டார்.

"நான்தான்" என்றான் அவன் உடனே. "குதிக்கிறதுக்கு முன்னால கையைப் பின்னால விட்டுத் திருகினேன். தப்பான பக்கம் போயிடுச்சு போல."

மூச்சு இழுக்கும்போது ஊசியைப் பார்த்திருந்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் அது துள்ளிக் காட்டிக் கொடுத்திருக்குமே, பார்த்தாயா என்று மாஸ்டர் மேலும் கேட்டார். பார்க்கவில்லை என்று அவன் தலைகுனிந்தான். இனி இங்கே அவன் இறங்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. "என்னை மூணு தடவை பாக்கச் சொன்னீங்களே... நீங்க ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"

அவன் மழையைப் பார்த்துச் சிரித்தான்.

மதியச் சாப்பாட்டு மேசையில் மாமா கதையை நான்காம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் இருந்தவருக்கு எப்படித்தான் அவ்வளவு தெரிந்ததோ. வீடியோ அழைப்பில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றிய மகள். "எங்க மச்சினிச்சி இனிமே சாதாரண ஆள் இல்ல, அத்தை" என்றார் மாமா. "எமன்கிட்டயே போய் ஆளைத் திருப்பி வாங்கிட்டு வந்தவ."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அறைக்கு வந்து, தண்ணீர் பாட்டிலைக் கட்டிலில் படுக்க வைத்து, மூடி வலதுபக்கம் பார்க்க வைத்தாள். அதுதான் சிலிண்டர் திருகு. பாட்டிலுக்குப் பின்பக்கம், அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பதுபோல உட்கார்ந்து மூடியைத் தன்பக்கம் உருட்டினாள். திறந்தது. பயிற்சியில் எப்போதும் அக்காவின் பின்னால் நின்றுதான் செய்திருக்கிறாள். எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். தன்பக்கம் உருட்டினாள்.

மூடி இறுகியது.

திரும்பவும் செய்தாள். இறுகியது. பிறகு கால் சுற்று விட்டாள்... கால் சுற்றே திறந்தது.

அவள் முழுதாக மூடியிருக்கிறாள். அவனைக் காப்பாற்றியது இந்தக் கைதான். அமுக்கியதும் இந்தக் கைதான்.

மூக்கை உறிஞ்சியபடி உள்ளே வந்த அக்காவிடம் சொன்னபோது, அக்கா முதலில் கதவைச் சாத்தினாள்.

"அவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாருல்ல? விட்டுடுடீ. அம்மாவுக்குத் தெரிஞ்சா இனிமே உன்னை வாசப்படி தாண்ட விடுவாங்களா? நாலு மணிப் படகுல அவர் கிளம்புறாராம். போயிட்டா முடிஞ்சது."

நாலு மணிப் படகு. மணி மூன்றே கால்.

சொல்லாமல் இருந்தால் எதுவும் ஆகாது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது, நீலம் கறுக்கும் இடத்தைப் போல. ஒருமுறை இறங்கிவிட்டால் அதற்குத் தரை கிடையாது. இனி யாருக்குக் காதுச் சோதனை செய்தாலும், யார் அவளை நம்பித் தலையைக் கொடுத்தாலும், இந்தக் கை நினைவுக்கு வரும். அக்காவை ஒதுக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

பயிற்சி நிலையத்தில் ஈர உடைகள் வரிசையாகத் தொங்கின. சிலிண்டரில் காற்று ஏற்றும் இயந்திரம் தடதடத்தது. அது ஓய்வதற்காகக் காத்திருந்தாள். இரண்டு நிமிடம்... கால் திரும்பி ஓடப் பார்த்தது. இயந்திரம் நின்றதும் மாஸ்டரிடம், முன்னால் நின்று திருகியதையும், பாட்டிலில் செய்து பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாசலில் மாமா நிற்பது தெரிந்தும் நிறுத்தவில்லை.

மாஸ்டர் திட்டவில்லை. கடலில் இறங்குவோர் பலகையில் அவன் பேருக்கு மேல் போட்டிருந்த கோட்டை அழித்தார். அவள் பேருக்கு மேல் கோடு போட்டார். முதலிலிருந்து கற்றுக்கொண்டால்தான் மறுபடி கடல் என்றார். பிறகு, இனி முன்னால் நின்று திருகுவதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாமா வழியை விட்டு விலகி நின்றார். வழக்கமான கிண்டல் இல்லை. "அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். "நீ ஓடு, நேரமாச்சு."

படகுத் துறையில் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். மழை நின்று, பலகைகளில் ஆவி பறந்தது.

"திருகை மூடினது நான்தான்" என்றாள் மூச்சிரைக்க.

"தெரியும்."

"எப்போ?"

"மாஸ்டர் திருகினப்பவே. நீங்க எதிர்ல நின்னீங்க இல்ல... லிஃப்ட் மோட்டார்ல இதே தப்பை நான் பண்ணியிருக்கேன், அதான் புரிஞ்சுது. ஏற்கெனவே உங்க கை அப்படி நடுங்குச்சு. இதையும் சொல்லி..."

"சொல்லியிருக்கணும்." அவள் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு நல்லவரா இருக்கத் தோணிச்சு, இருந்துட்டீங்க. எனக்குத் தெரியாமலே போயிருந்தா? சளி சரியானதும் அக்கா இறங்குவா. அவளோட திருகையும் நான் முன்னால நின்னு..."

அவன் முகம் வெளுத்துப் போனது. கடலுக்கடியில் பார்த்த அதே பயம், இந்த முறை கண்ணாடி இல்லாமல்.

"அதை நான் யோசிக்கவே இல்ல" என்றான் மெல்ல. "மன்னிச்சுக்கோங்க. நீங்க வந்து சொன்னதால தப்பிச்சோம்."

அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்கிற ஆள் ஏன் ஊசியைப் பார்க்கவில்லை?

கேட்டேவிட்டாள்.

அவன் காதுமடல் சிவந்தது. "நீங்க பயந்துகிட்டே... பயத்தைக் காட்டிடக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுகிட்டு நின்னீங்க. ஊசி எதிர்லதான் இருந்துச்சு. நான் உங்களைப் பாத்துட்டிருந்தேன்."

அவளால் நிமிர முடியவில்லை. இது வேறு ஆழம்... இதற்கு நான்கு நாள் பயிற்சி யாரும் தரவில்லை.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, ஏறப்போகிறாரா இல்லையா என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான்.

"அவர் ஏறல" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. படகு விலகியது. பலகைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களைக் கேக்காம சொல்லிட்டேன்" என்றாள். "அந்த மூணு நிமிஷமும் எனக்கு உயிரே போயிடுச்சு. ஆனா முடிஞ்சிடக் கூடாதேன்னு இருந்துச்சு. எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு பயம்."