மூணு மணி வரைக்கும்

உள்ளங்கையை எடுத்ததும் குற்றமானியின் திரையில் சிவப்பாக எரிந்தது: 3.

"மூணுதானா?" வஜ்ரவேலுவின் முகம் தொங்கிப் போயிற்று. "நல்லாப் பாருங்க மேடம். எங்க கட்சியிலேயே கோட்டைச்சாமிக்கு நாலு காட்டுச்சாமே!"

தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த மூன்றில் ஒன்று அவள் கணவன். மணல் லாரியை மறித்த வருவாய் ஆய்வாளர். சாட்சிகள் பல்டியடித்தார்கள், வழக்கும் செத்தது. அதன் பிறகு ஏழு வருடம் உழைத்து இந்தக் கருவியைச் செய்தாள். கொன்றவனின் வாய் கோர்ட்டில் பொய் சொல்லலாம். கொலை அவன் மூளையில் விட்டுப்போன தழும்பு பொய் சொல்லாது. கையை வைத்தால் போதும், தலையை எண்ணிச் சொல்லிவிடும்.

சட்டசபை மேசையைத் தட்டி வரவேற்றது. ஒரே ஒரு திருத்தம்: இந்த எண்ணை வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது, போட்டியிடுவதைத் தடுக்கவும் கூடாது. வாக்கு இயந்திரத்தில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிடலாம். மிச்சத்தை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்!

பார்த்துக்கொண்டார்கள். போன தேர்தலில் பூஜ்யம் வாங்கிய வாத்தியாருக்கு டெபாசிட் பறிபோனது. "ஒரு எறும்பைக்கூட நசுக்காதவன் நமக்கு என்னத்தக் கிழிப்பான்?" என்றது டீக்கடை. ஆறு வாங்கியவன் மந்திரியானான். அதிலிருந்து கட்சிகளும் எண்ணைப் பார்த்துத்தான் சீட்டுக் கொடுத்தன.

"மேடம், ஒரு அஞ்சாப் போட்டுவிடுங்க. இல்லேன்னா சீட்டு அந்தக் கோட்டைச்சாமிக்குப் போயிரும். நீங்க என்ன கேட்டாலும் செய்யறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என் புருஷனைத் திருப்பிக் குடுப்பியா? தூ! இது உங்க ஆளுங்க எழுதுற போலீஸ் ரிப்போர்ட் இல்லடா, இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க. நானே நினைச்சாலும் மாத்த முடியாது. செஞ்சாத்தான் ஏறும்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வஜ்ரவேலு கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டே கால்.

"வேட்புமனு வாங்குறது இன்னைக்கு மூணு மணி வரைக்கும்தானே? அதுக்குள்ள இன்னொரு தடவை கை வைக்கலாம்ல?"

ஜன்னலுக்குப் போனான். கீழே மாலையும் மேளமுமாகக் காத்திருந்த அவனுடைய ஆட்கள், அவன் தலையைக் கண்டதும் விசிலடித்தார்கள். "அண்ணன் வாழ்க!"

சிரித்த முகத்தோடு கும்பிட்டபடியே, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவனைப் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"ரெண்டு பேர்தானே மேடம்," என்றான். "இதோ வந்துடறேன்."