எழுப்பாமல் விட்ட மதன்

அந்தக் கறுப்புக் கட்டம் நேற்று அங்கே இருக்கவில்லை.

நிரஞ்சன் சோபாவில் இருந்தபடி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். டிவியில் ‘பாதியில் விட்டவை’ என்று ஒரு வரிசை வரும். அதில், பிள்ளை பார்க்கிற கார்ட்டூனுக்கும் சுலக்ஷனா பார்க்கிற சமையல் நிகழ்ச்சிக்கும் நடுவே, படமும் பெயரும் இல்லாமல் ஒரு கட்டம். அதன் அடியில் சிவப்புக் கோடு, முக்கால்வாசிக்கு மேல் பார்த்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் மிச்சம் வைத்த மாதிரி.

வெளியே ஐப்பசி மழை விட்டிருந்தது. விட்ட மழைக்குப் பின்னால் பனிமூட்டம் ஏறி வந்து, ராகலை ரோட்டையும் சவுக்கு மரங்களையும் கீழே தெரிகிற தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரைகளையும் ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, இப்போது சன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்க்கிற மாதிரி நின்றது; பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது; கூரை ஓரத்தில் இருந்து விழுகிற சொட்டு, சிமெந்துத் தரையில் விரலால் தட்டுவது போல ஒரே சீராகக் கேட்டது. மனைவி சுலக்ஷனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூண்டுலோயாவுக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் தனி.

கட்டத்தை அழுத்தினான். ‘இந்தத் தொடர் இப்போது இல்லை’ என்று எழுத்து வந்தது.

எந்தத் தொடர் என்று அவன் யாரையும் கேட்கத் தேவையில்லை. ‘எட்டாம் நம்பர் மலை’. கீழே இருக்கிற தோட்டத்து ஆட்களையே நடிக்க வைத்து, அவன் வேலை பார்க்கிற கொழும்புக் கம்பெனி தன் ஆப்பில் போட்ட தொடர். ஆட்களைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அதே லயத்தில் பிறந்தவன். ஒரு சீசன் ஓடியது. பிறகு கம்பெனியே அதை ரத்துச் செய்தது. நட்டக் கணக்கில் எழுதினால் வரி குறையும் என்று ஆப்பில் இருந்தும் தூக்கியது. கையில் இருக்கிற பிரதியையும் அழித்துவிடு என்றார்கள். அழித்தான்.

கட்டத்தை வரிசையில் இருந்து நீக்கினான். போனது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அதே இடத்தில் இருந்தது. சிவப்புக் கோடு மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

டவுனில் டிவி, போன் கடை வைத்திருக்கிற பைஸர் நானாவுக்குப் போன் போட்டான்.

“நானா, ஆப்புல இல்லாத படம் டிவில வருமா?”

“அல்லாஹ்வே, நிரஞ்சன். தூக்கின ஆளும் நீங்க, தேடுற ஆளும் நீங்களா?” பைஸர் சிரித்தார். “டிவில பிழ ஒண்டும் ஈக்காது. ரூட்டர ஒருக்கா கழட்டிப் போட்டுப் பாருங்க. அது சரி, வீட்டுல என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்லையே.”

“தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேக்குதே. நெருப்பு எரியிற மாதிரியும் ஈக்கிது. அடுப்புல எதயும் வெச்சிட்டீங்களா?”

நிரஞ்சன் போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டுக் கேட்டான். சொட்டுச் சத்தம் மட்டும்தான்.

ரூட்டரின் வயரைப் பிடுங்கினான். மற்றப் படங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மங்கிப் போயின. கறுப்புக் கட்டம் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈர வைக்கோல் கருகுகிற வாடை. அடுப்படியில் இல்லை, அறையில் இல்லை. அவன் சட்டையில் இருந்து வருகிற மாதிரி, மூச்சு விட்டால் தன் மூக்கில் இருந்தே வருகிற மாதிரி இருந்தது. அந்த வாடை எங்கே ஒட்டியது என்று அவனுக்குத் தெரியும். தோட்டத்துக் காமன் பொட்டலில்.

மாசி மாதத்தில் தோட்டம் தோட்டமாகக் காமன் கூத்து ஆடுவார்கள். தவத்தில் இருக்கிற சிவன்மேல் அம்பு விட்ட மதனை, சிவன் எரிப்பார். வைக்கோல் சுற்றிய கம்பத்தைக் கொளுத்துவார்கள். ரதி விழுந்து புரண்டு அழுவாள். அந்த அழுகைக்கு இரங்கித்தான் மூன்றாம் நாள் மதனை எழுப்புவது. எழுப்பிய பிறகுதான் ஆடினவன் கையில் இருக்கிற மஞ்சள் காப்பை அவிழ்ப்பது. யார் கட்டினாரோ அவரே அவிழ்க்க வேண்டும்.

தொடரில் எரிப்பதோடு முதல் சீசன் முடிந்தது. எழுப்புவதை அடுத்த சீசனுக்கு வைத்தார்கள். படம் பிடித்தது மாசியிலும் இல்லை. மாசி இல்லாத மாதத்தில் காப்புக் கட்டமாட்டேன் என்று கூத்து மாஸ்டர் எழுந்து போய்விட்டார். வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் கத்தினார். மதன் வேஷம் போட்ட கஜேந்திரன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நிரஞ்சன்தான் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கட்டினான். விளையாட்டுக்குத்தான் கட்டினான். கஜேந்திரன் விளையாட்டுக்குக் கையை நீட்டவில்லை.

“அடுத்த சீசன் இதுல இருந்துதான் தொடங்கும் அண்ணே. கழட்டிறாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தான். கஜேந்திரன் கழட்டவில்லை. காப்புக் கட்டின ஆள் மீன், இறைச்சி தொடக்கூடாது, தொடவில்லை. பெண்சாதி பக்கத்தில் படுக்கக்கூடாது; லயத்துக் காம்பரா அறைக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில், குளிரில், சாக்கை விரித்துப் படுத்தார். சாவு வீட்டுக்குள் போகக்கூடாது. பெற்ற தாய் செத்தபோது ரோட்டில் நின்று அழுதார். தொடரை ரத்துச் செய்தது நிரஞ்சனுக்குத் தெரியும். இறங்கிப் போய் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட அவனுக்கு முகமில்லை. வருஷம் இரண்டு போனது. இந்த ஐப்பசிக் குளிரில் கஜேந்திரன் நெஞ்சுச் சளி கட்டிச் செத்துப்போனார்.

கதவில் தட்டும் சத்தம்.

திறந்தான். ராக்காயி நின்றாள், கஜேந்திரனின் பெண்சாதி. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் இருந்து நீர் வடிந்தது. அவளுக்குப் பின்னால் உலகம் என்று ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும்.

“வாங்க அண்ணி. என்னா இந்த மூட்டத்துல.”

“தராசுல கொழுந்து நிறுத்துட்டு அப்பிடியே வாறேன் தம்பி.”

“அன்னைக்கு, அண்ணன எடுக்குறதுக்கு முந்தி, வந்தீங்களாம். நான் கொழும்புல இருந்தேன்.”

“தெரியும். கொழும்புல இருந்துக்கிட்டு இங்க டிவிய நல்லா சத்தமா வச்சிருந்தீங்க.”

சவத்தைக் காப்போடு புதைக்கக்கூடாது, வந்து அவிழ்த்துவிடு என்று அவள் கதவைத் தட்டத் தட்ட, அவன் உள்ளே இதே சோபாவில் இருந்தான். காப்போடுதான் புதைத்தார்கள்.

“படம் வேணும்னா எங்கிட்ட இல்ல அண்ணி. கம்பெனி அழிக்கச் சொல்லிருச்சு.”

“நீங்க அழிச்சிட்டீங்க. அவரு மொகம் இருந்தது அதுல மட்டுந்தான்.”

“மேலிடத்து வேல. நான் என்னா செய்ய?”

“ஒண்ணும் கேக்க வரல தம்பி.” அவள் குரலில் கோபம் இல்லை. “அவருக்கு ஒங்க புது வீடு தெரியாது. லயத்துல ஒங்க பழைய காம்பராவயே சுத்திச் சுத்தி வாறாரு. அதான் கூட்டியாந்தேன்.”

பிறகு திரும்பி, யாருமில்லாத பக்கத்தைப் பார்த்து, “இந்த வீடுதாங்க” என்றாள்.

படியிறங்கிப் போனாள். காலடிச் சத்தம் ஒன்று ரோட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது. இன்னொன்று போகவில்லை.

நிரஞ்சன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். சன்னல் கொக்கிகளைப் பார்த்தான். திரும்பியபோது டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் சோபாவில் கிடந்தது.

சாம்பல். எரிந்து முடிந்த கம்பத்தின் சாம்பல். அதுதான் தொடரின் கடைசிக் காட்சி. அந்த இடத்தில் வெட்டினார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அவன் பக்கத்தில் நின்றவன். இப்போது வெட்டவில்லை. படம் ஓடியது. சாம்பல் அசைந்தது. அதற்குள் இருந்து எழும்பின ஒன்றின் கண்ணால் பார்ப்பது போல, படம் தரையில் இருந்து மெல்ல உயர்ந்து, பொட்டலைக் கடந்து, லயத்தைச் சுற்றி, தேயிலைக்குள்ளால் ஏறி, ரோட்டுக்கு வந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். படம் நிற்கவில்லை.

சிவப்புக் கோடு வளர்ந்தது.

கேட். படி. அவன் வீட்டுக் கதவு. தாழ்ப்பாள் போட்ட கதவின் உள்பக்கம்.

வாடை தொண்டையை அடைத்தது. சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது.

கருகின கை. மண் ஒட்டின நகம். மணிக்கட்டில் மட்டும் மஞ்சள் கயிறு, இப்போதுதான் அரைத்துப் பூசின மாதிரிப் புதிதாக. கை அவன் முகத்துக்கு முன்னால் நின்றது. அன்றைக்கு நீட்டின மாதிரியே. அடக்கமாக.

“அண்ணே” என்றான். “அவுத்து விட்டுர்றேன் அண்ணே.”

முடிச்சு ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. நகத்தால் கிள்ளினான். பல்லால் இழுத்தான். மஞ்சள் கசந்தது, மண் கசந்தது. ஒரு இழை. இன்னொரு இழை. அவிழ்ந்தது.

“அவுத்துட்டேன். போங்க அண்ணே.”

காதுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு. இரண்டு வருஷம் அடக்கி வைத்த மூச்சு.

கை போகவில்லை. கயிற்றை எடுத்தது. மறுகையும் வந்தது. நிரஞ்சனின் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர். நிதானமாகச் சுற்றியது. மாசி இல்லை. மாஸ்டர் இல்லை. யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று காட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

முடிச்சு இறுகியது.

வெளியே தப்பு அடித்தார்கள். இப்போது அவனுக்கும் கேட்டது.

தாழ்ப்பாள் தானாக விலகியது. கால்கள் அவனைக் கேட்காமல் நடந்தன. மூட்டத்துக்குள், அவன் வீட்டு முற்றத்தில், வைக்கோல் சுற்றிய கம்பம் நின்றது. சுற்றிலும் ஆட்கள். தொடரில் இருந்தவர்கள், தொடரோடு தூக்கிப் போடப்பட்டவர்கள், அதே வேஷத்தில், அதே பூச்சு முகத்தில். கண்ணாடித் துண்டு ஒட்டின மதனின் கிரீடத்தை யாரோ அவன் தலையில் வைத்தார்கள். அது சூடாக இருந்தது. கம்பத்தோடு முதுகு ஒட்டியது.

திறந்த கதவு வழியாக டிவி தெரிந்தது. கறுப்புக் கட்டத்தில் இப்போது படம் இருந்தது. அவன் முகம். அடியில் சிவப்புக் கோடு, புதிதாக, தொடக்கத்தில்.

அவன் ரதியைத் தேடினான். ரதி அழுதால் எழுப்புவார்கள். அழ ஒருத்தி இருந்தால் போதும்.

இருந்தாள். ரதி உட்கார வேண்டிய இடத்தில், ரதியின் கிரீடத்தோடு, ராக்காயி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அழுங்க அண்ணி” என்றான். “கொஞ்சமாச்சும் அழுங்க.”

வைக்கோலுக்கு நெருப்பு வைத்தார்கள்.

ராக்காயி மடியில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, ஈரம் போகத் துடைத்து, அவனைப் பார்த்தபடியே நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள்.