குவிமாடத்தின் எதிர்ச்சுவர்

பூங்காவின் நடுவில் நிற்கும் நினைவு மண்டபத்தை, ஒல்லியாக இருப்பதால் எல்லாரும் குச்சி என்று கூப்பிடும் சிறுமி எத்தனையோ தடவை வரைந்திருக்கிறாள். எல்லாமே வெளியிலிருந்து வரைந்தவை. பெரிய வெள்ளைக் குவிமாடம், அதைத் தாங்கும் வட்டச் சுவர், சுற்றிலும் தூண்கள், அகலமான படிகள். உள்ளே மட்டும் அவள் கால் வைத்ததில்லை.

"நம்ம வீட்டுப் பிள்ளை பேரு இல்லாத இடத்துல நமக்கு என்ன வேலை?" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அப்பா எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தவர்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. உள்ளே சுவரைச் சுற்றி எல்லார் பெயரும் செதுக்கியிருந்தார்கள். படகை ஓட்டிய குச்சியின் அண்ணன் பெயர் மட்டும் இல்லை. அவனும் அதே தண்ணீரில்தான் போனான். ஆனால் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது அவன்தான் என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. அவன் பெயரைப் போடவே கூடாது என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

ஊர் அப்படிச் சொன்ன அன்றைக்கும் அம்மா யார் முன்னாலும் அழவில்லை. குச்சிக்குத் தலை பின்னிவிட்டு, "தலையைக் குனியாம நட" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

அப்படி நடப்பது சுலபமாக இல்லை. வகுப்பில் பீரங்கி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் அடுத்த வகுப்பில் பாடம் நின்றுவிடும். அந்தப் படகில் அவன் அப்பாவும் போயிருந்தார்.

ஒரு நாள் ஓவிய வகுப்புக்காக எல்லாரும் பூங்காப் புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது அவன் ஆரம்பித்தான்.

"ஏய் குச்சி! எப்பப் பாத்தாலும் வெளிப்பக்கமே வரையிற? உள்ள போய் உங்க அண்ணன் பேரைத் தேடிப் பாரேன்!"

"தேடித் தேடிக் கண்ணு பூத்துரும்!" என்று சிரித்தாள் ரேடியோ. வகுப்பில் நடப்பதையெல்லாம் ஊருக்கே ஒலிபரப்புவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

குச்சி பென்சிலை அழுத்தினாள். முனை உடைந்தது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது.

"எல்லாரும் மண்டபத்துக்குள்ள ஓடுங்க! தாள் நனையுது!" என்று கத்தினார் டீச்சர்.

குச்சி படியிலேயே நின்றாள்.

"உன்னை மட்டும் பல்லக்குல தூக்கிட்டுப் போகணுமா?" என்று டீச்சர் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

உள்ளே ஒரு தூண்கூட இல்லை. வழவழப்பான கல் சுவர் வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதன்மேல் குவிமாடம் கவிந்திருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள். மேலே போகப் போக அவை சிறுத்து, உச்சியில் கண்ணாடி பதித்த ஒரு வட்டத்தில் முடிந்தன. அதன் வழியே சாம்பல் நிற வெளிச்சம் இறங்கியது. கிணற்றின் அடியில் நிற்பது போல் இருந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். குவிமாடம் அதைப் பல மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.

"மூச்! இது என்ன சந்தையா?" என்று அதட்டினார் காவலாளி. எல்லாரும் நடுவில் உட்கார்ந்து கப்சிப்பென்று வரையத் தொடங்கினார்கள்.

குச்சி பெயர்களைப் பார்க்காமல் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"அப்பா..."

காதுக்குப் பக்கத்தில் யாரோ பேசினார்கள். திரும்பினாள். யாரும் இல்லை.

"அப்பா, நான்தான். உங்க குரல் எனக்கு மறந்துபோச்சுப்பா. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது."

குச்சி எதிரே பார்த்தாள். மண்டபத்தின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு பீரங்கி நின்றான். அவன் பேச்சு வளைந்த சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து அவள் காதில் விழுகிறது. பீரங்கிக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நான்தானே போன் பண்ணி, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு அழுதேன்? அதனாலதானே கடைசிப் படகுல ஓடிவந்து ஏறினீங்க? அம்மாவுக்கு இன்னும் தெரியாதுப்பா."

குச்சிக்கு முதலில் தோன்றியது நல்ல எண்ணம் இல்லை. இனிமேல் அவன் வாயைத் திறக்கட்டும். இந்த ஒன்றைச் சொன்னால் போதும். அப்புறம் அவன் தலை நிமிரவே மாட்டான்.

"என்ன குச்சி, சுவத்துக்கிட்ட ரகசியமா?" ரேடியோ வந்து நின்றாள். "தள்ளு, நானும் சாஞ்சுக்கறேன்."

எதிரே பீரங்கி மறுபடியும் சுவரை நெருங்கினான்.

யோசிக்க நேரமில்லை. குச்சி தன் தகர வண்ணப் பெட்டியைத் தூக்கிக் கல் தரையில் ஓங்கிப் போட்டாள்.

டமார்!

குவிமாடம் இடி இடிப்பது போல் உருண்டு உருண்டு முழங்கியது. காவலாளி நின்ற இடத்திலேயே ஒரு முழம் துள்ளினார். ரேடியோ அலறிக்கொண்டு ஓடினாள். பீரங்கி வெடுக்கென்று திரும்பினான்.

"இது என்ன இடம்னு தெரியுமா உனக்கு?" டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "செத்தவங்க பேரு இருக்கற இடம்! உங்க வீட்டுல இதுகூட..."

டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் 'உங்க வீட்டுல' என்ற சொல் நிற்கவில்லை. குவிமாடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாரும் குச்சியையே பார்த்தார்கள். இது அப்பாவின் காதுக்குப் போகும். ரேடியோ இருக்கும்போது போகாமல் இருக்குமா?

"மன்னிச்சுடுங்க டீச்சர்" என்றாள் குச்சி. ஏன் போட்டாள் என்பதைச் சொல்லவில்லை. தலையும் குனியவில்லை.

"எல்லாத்தையும் பொறுக்கிட்டு வா!"

மழை விட்டதும் மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். குச்சி சிதறிய வண்ணக் குச்சிகளைப் பொறுக்கினாள். பீரங்கி அவள் எதிரே வந்து நின்றான்.

"வேணும்னேதான் போட்ட. நான் பாத்தேன். எங்கப்பா பேரு இருக்கற இடத்துல இவ்வளவு திமிரா உனக்கு?"

"நீ அங்க பேசினா இங்க கேக்குது," என்றாள் குச்சி மெதுவாக.

பீரங்கியின் வாய் திறந்தபடி நின்றது. "எல்லாமேவா?"

"எல்லாமே. ரேடியோ சுவத்துக்கிட்ட வந்துட்டா. அதான் போட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. "யார்கிட்ட சொல்லப்போற?"

"யார்கிட்டயும் இல்ல. அடுத்தவங்க அழுததைச் சொல்லித் திரியறது எங்க வீட்டுப் பழக்கம் இல்ல."

பீரங்கி ஒரு பச்சை வண்ணக் குச்சியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு இன்னொன்றை.

"சீக்கிரம் வாங்கன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க," என்றாள் குச்சி. "அன்னிக்கு நானும்தான் எங்க அண்ணன்கிட்ட சொன்னேன்."

"நிஜமாவா?"

"பொய் சொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சுவரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"உங்க அண்ணனுக்கு இங்க பேரு இல்லைல்ல?"

"இல்ல."

"வா," என்று அவளை எதிர்ப்பக்கத்துக்குக் கூட்டிப்போனான். கறுப்புக் கல்லில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினான். "இது எங்கப்பா. நீ இவர்கிட்ட சொல்லு. ரெண்டு பேரும் ஒரே படகுலதானே போனாங்க? சொல்லிடுவாரு."

அண்ணன் போன நாளிலிருந்து வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொன்னதே இல்லை.

"உனக்குக் கேக்குமே?"

"சீ! நான் அந்தப் பக்கம் காவலுக்கு நிக்கறேன். எவளாவது வந்தா ஒரே கத்து, ஓடிடுவா."

அவன் போய் அந்தச் சுவரோரம் நிற்கும் வரை குச்சி காத்திருந்தாள். பிறகு குளிர்ந்த கல்லின் அருகே வாயைக் கொண்டுபோய், "அண்ணா..." என்று தொடங்கினாள். எதிரே பீரங்கி, இரண்டு காதுகளிலும் விரலைத் திணித்துக்கொண்டு, வாசலில் தலைநீட்டிய ரேடியோவைப் பார்த்து முறைத்தபடி அசையாமல் நின்றான்.