திரி உருவிய கயிறு

மேஜிக் செய்கிறவர்களுக்குக் கதை எழுதிக் கொடுப்பது என் தொழில். மேடையில் அவர்கள் கை ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்குமே, அந்தக் கதை. சீட்டுக்கு, மோதிரத்துக்கு, காலிப் பெட்டிக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். கயிற்றுக்கு எழுதியது ஒரே ஒரு முறைதான்.

அந்த வீட்டுக்கு நான் முதலில் போனது மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில். கீழே ஷட்டர் இறக்கிய கிடங்கு. பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. மேலே நீளமான ஒரே கூடம். கூடத்தின் குறுக்கே கட்டியிருந்த கொடியில் ஒரே அளவாக வெட்டிய வெள்ளைக் கயிறுகள் வரிசையாகத் தொங்கின. ஈரப் பஞ்சும் உருகிய மெழுகும் கலந்த வாசனை. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆனாலும் கயிறுகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. நான் கதவைத் திறந்ததால் வந்த காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை எல்லோரும் 'முடிச்சு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கியவர். கயிற்றை நடுவில் கத்தரித்து, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை மாயமாக்கி முழுக்கயிறாக நீட்டிக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வருடம் அதை மனைவியோடு சேர்ந்து செய்தவர். கணவன் மனைவிச் சண்டை என்று கதை: சண்டையில் கயிறு வெட்டுப்படும், சமாதானத்தில் ஒட்டிக்கொள்ளும். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில் செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பழைய கதைய வாய் சொல்ல மாட்டேங்குதும்மா. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்.

மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடன் இருந்தவர் அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கயிறுகளைத் தயார் செய்வது அவர் வேலை. கடையில் வாங்கும் கயிறு விறைப்பாக இருக்கும்; அதன் நடுவே ஓடும் திரியை ஒரு முனையிலிருந்து உருவி எடுத்துவிட்டால் மேஜிக்குக்கு ஏற்றபடி துவளும். அன்று எனக்கு டீ கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் திரி, குடல் மாதிரி அவர் மடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது.

"வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ள இருக்கறத உருவிட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

பேச்சோடு பேச்சாக, அண்ணிக்கு என்ன உடம்பு என்று கேட்டேன். காய்ச்சலில் போய்விட்டார் என்றார்.

ஒரு வீட்டில் ஒரு சாவுக்கு இரண்டு கதை. கதை எழுதியே பிழைக்கிறவளுக்கு, கட்டின கதை எது என்று மூக்கிலேயே தெரியும். இங்கே இரண்டுமே கட்டின கதை மாதிரி இருந்தது. டீயைக் குடித்து முடித்தேன்.

கயிற்றுக்குக் கதை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. முழுசாக இருக்கிற கயிற்றை ஏன் வெட்ட வேண்டும் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். அந்த 'ஏன்' கதையில் இருந்தால்தான் கத்தரிக்கோல் விழும்போது அவன் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தில்தான் கை தன் திருட்டு வேலையைச் செய்யும். அதனால் அங்கே வரும் வாக்கியத்தை நான் பத்துத் தடவையாவது மாற்றி எழுதுவேன்.

முதல் கதையில் அண்ணன் தம்பி இருவர் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். கயிறுதான் அளவுகோல். கத்தரித்த இடத்தில் சுவர் எழும்புகிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சுவருக்கு மேலாகக் கைகோத்துக்கொள்வதுதான் முடிச்சு. வெட்டும் இடத்தில் "இனிமே இது உன் வீடு, அது என் வீடு" என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் கூடத்தில் நின்று செய்து காட்டினார். அருமையாகச் சொன்னார். கயிற்றை மடித்தார், கத்தரிக்கோலைத் திறந்தார்.

"வெட்டினது அங்க இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் வெட்டுவதுபோல் காட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டுவதுதான் இந்த வித்தையின் ரகசியமே. எந்த மேஜிக்காரனும் தூக்கத்தில்கூட அதைச் சொல்ல மாட்டான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எழுதிக் கொடுத்ததைத்தானே சொன்னேன் என்று காகிதத்தை நீட்டினார். நான் எழுதினது எழுதினபடியே இருந்தது. மனுஷன் என்னை ஆழம் பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். கதை பிடிக்கவில்லை என்பதை இப்படிச் சொல்கிறவர்களும் உண்டு.

அடுத்த கதை ஓடக்காரனைப் பற்றியது. ஆற்றின் இரு கரைக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து ஓடத்தை இழுக்கிறவன். வெள்ளம் வருகிறது, கயிறு அறுகிறது. நேரக் கணக்கு பார்க்க என் செல்போனில் பதிவு போட்டுவிட்டு அவரைச் செய்யச் சொன்னேன். கத்தரிக்கோல் திறந்ததும் அவர் குரல் தணிந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் தோல்தான்."

அவருக்கு அதைச் சொன்ன நினைவே இல்லை. நானும் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து, சன்னல் பக்கம் உட்கார்ந்து பதிவைக் கேட்டேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடம் வந்தது. அவர் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது.

பெண் குரல். அவருக்கு அரை மூச்சு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவராகப் பேசவில்லை. யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கைதான் என்று முடிவு கட்டினேன். சமையலறைக் கதவு கூடத்தில்தான் திறக்கிறது; மறைவில் நின்று எடுத்துக் கொடுக்கிறார், அண்ணன் மேடையேறுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கதையே பின்னிவிட்டேன். மறுநாள் சீக்கிரமே போய், எதிர்ச் சாரியில் ஒதுங்கி நின்றேன். தங்கை பையோடு படியிறங்கி, தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்தேன். பிறகு மேலே போனேன். கதவை உள்ளே தாழிட்டேன். சமையலறை, குளியலறை, துணி அலமாரி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முடிச்சு சார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு மூக்குத்தி காணவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் மூக்கே குத்தியதில்லை.

ஓடக்காரன் கதையையே மறுபடி ஆரம்பித்தார்.

வெளியே மழை வலுத்தது. கூடம் மங்கியது. ஈரப் பஞ்சு வாசனைக்கு நடுவே வேறு ஒரு வாசனை வந்தது. மேடைக்குப் போகுமுன் முகத்தில் அப்பிக்கொள்ளும் பவுடர். அவர் முகம் உணர்ச்சியெல்லாம் துடைத்தெடுத்த மாதிரி இருந்தது.

கயிற்றின் ஒரு முனை அவர் வலது கையில். மறுமுனையை இடது கையிலிருந்து விட்டார்.

அது விழவில்லை.

காற்றில், அவர் தோள் உயரத்தில், அப்படியே நின்றது. யாரோ எதிரே நின்று பிடித்திருப்பதுபோல், நடுவில் லேசாகத் தொய்ந்து.

ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு தரையில் விழுந்தது.

"சார்" என்றேன்.

அவர் திரும்பாமலே, "உங்களுக்கும் தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னார். ஏணி எல்லாம் பொய். கடைசிக் காட்சிக்காக மனைவியை மேலிருந்து கயிற்றில் இறக்குவதாகத் திட்டம். கூடத்தின் உத்தரத்தில் இருந்த இரும்பு வளையத்தைக் காட்டினார். மேடையில் எல்லாக் கயிறும் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்று அவரேதான் பிடிவாதம் பிடித்து, ஆளை இறக்கவும் அதே வெள்ளைக் கயிற்றை மாட்டினாராம். ஒத்திகையில் கயிறு அறுந்தது. மழையில் நனைந்த கயிற்றைச் சோதிக்காமல் மாட்டியது தன் தப்பு என்று மூன்று வருடமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே சொல்லத் தைரியம் இல்லை. அறுந்த கயிறு எங்கே என்று கேட்டேன். கண்ணில் படவேண்டாம் என்று தங்கை அன்றைக்கே எரித்துவிட்டாள் என்றார்.

'உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் தோல்தான்.'

திரி உருவின கயிறு ஆள் கனம் தாங்காது. அவருக்கு இன்னும் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது? செல்போனில் ஒரு குரலையா?

இரண்டு நாள் யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு கதை எழுதினேன்.

சின்னக் கதை. ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கயிறு இருந்தது. ஒரு நாள் அது அறுந்தது. எப்படி அறுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கயிற்றையே கேட்போமா? அவ்வளவுதான். அதற்குப் பிறகு, கத்தரிக்கோல் விழும் இடத்தில், காகிதத்தை வெறுமையாக விட்டேன். சொல்ல வேண்டியது யாரிடமாவது இருந்தால் சொல்லட்டும்.

பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்று தங்கையை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மணி நாலு இருக்கும். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

முடிச்சு சார் கதையைச் சொன்னார். கத்தரிக்கோலைத் திறந்தார். நின்றுவிட்டார். காகிதத்தில்தான் அதற்கு மேல் ஒன்றும் இல்லையே.

சொட்டும் சத்தமும் நின்றது.

பவுடர் வாசனை வந்தது.

தங்கை நாற்காலியில் அசைவதைப் பார்த்தேன். அவருக்கும் வாசனை எட்டியிருக்கவேண்டும்.

முடிச்சு சாரின் உதடுகள் அசைந்தன.

"மாட்றதுக்கு முந்தின நாள் மத்தியானம். அவர் வெளிய போயிருந்தாரு. கயிறு உன் மடியில இருந்துச்சு."

தங்கையின் கைகள் புடவையைப் பற்றிக்கொண்டன.

"நடுவுல ரெண்டு முழம். கீறித் திரிய எடுத்துட்டு மெழுகு தடவி மூடின. நான் கதவுகிட்ட நின்னேன். டீ வேணுமான்னு கேட்டேன். நீ தலை நிமிராம வேணாம்னு சொன்ன."

அவர் குரல்தான். ஆனால் கண்கள் எதையும் பார்க்கவில்லை.

"இப்ப குடிக்கிறியா?"

தங்கை எழுந்து நின்றார். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தைப் பார்த்தார்.

"போதும் அண்ணி" என்றார் ரகசியமாக. "போதும்."

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. யாரோ உலுக்கிவிட்டதுபோல் முடிச்சு சார் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். தங்கைதான் சொன்னார். அண்ணி வருவதற்கு முன்னால் மேடையில் அண்ணனோடு கயிற்றைப் பிடித்தவர் அவர்தானாம். அதன் பிறகு முப்பது வருடம் பின்கட்டில் உட்கார்ந்து திரி உருவியதைச் சொன்னார். கொல்ல நினைக்கவில்லை, கயிறு சும்மா ஒரு அடி இறங்கினால் பயந்துபோய் மேடையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன் என்றார். அது நிஜமா, அதுவும் கட்டின கதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

முடிச்சு சார் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தங்கைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மூணு வருஷமா நான்தான் கொன்னேன்னு நெனச்சுட்டு இருந்தேன். உன் கண்ணு முன்னாடிதானே நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மறுநாள் இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். தங்கை சொன்னதை எல்லாம் சொன்னேன். எதைக் கேட்டு அவர் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. செல்போனில் இருந்த பதிவை அதற்கு முன்பே அழித்துவிட்டேன்.

ஆண்டு விழாவை அவர் விடவில்லை. தனியாகவே செய்தார். நான் எழுதிய எந்தக் கதையும் இல்லாமல், பழைய கணவன் மனைவிச் சண்டையையே சொன்னார். இந்தத் தடவை வாய் மறுக்கவில்லை. மனைவியின் பங்கு வரும் இடங்களில் சும்மா நிறுத்தி, காத்திருந்து, பிறகு பதில் சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எந்த ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சைக் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தார்கள். மேடையோரம் ஒரு சிறுமி ஆட்டோகிராப் நோட்டோடு நின்றாள். முடிச்சு சார் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் போகவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டி, ஒரு அடி நகர்ந்து, அவருக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் நோட்டை நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள்.

அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றாள்.

பிறகு, மை காய்வதற்காக அந்தப் பக்கத்தை வாயால் ஊதிக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.