எழுந்திரிக்காத மாமாக்கள்

குக்கர் சார் விசில் ஊதினால் மூன்று தெரு தள்ளி இருக்கிற வீடுகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் மூடியைத் திறந்து பார்த்தால் பருப்பு வெந்திருக்காது. அந்தக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

அவருடைய மின்னல் அணியின் கோல்கீப்பர் பதினோரு வயதுப் பெண். பந்து அவள் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் பிரியும். அதனால் எல்லாருக்கும் அவள் கோந்து. பள்ளியில் வருகைப் பதிவின்போது டீச்சரே ஒருநாள் மறந்துபோய் "கோந்து" என்று கூப்பிட, அவளும் "உள்ளேன் மிஸ்" என்றாள்.

அன்று இறுதிப் போட்டி. எதிரில் இடி அணி. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். பார்க்க வந்த அப்பாக்கள், சித்திகள், மாமாக்கள் கூட்டத்தில் ஒரு எறும்பு நடக்கக்கூட இடமில்லை.

மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல்கம்பம் பழசு. சிமெண்டில் புதைத்தது. யானை வந்து முதுகைச் சொறிந்துகொண்டாலும் அசையாது. மறுபக்கத்துக் கம்பம் துருப்பிடித்துப் போனதால் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, அலுமினியத்தில், தரையில் சும்மா நிறுத்திவைக்கிற மாதிரி.

கோந்து அதன் கீழே நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை வாலு ஓடிவந்தாள். வாலுவுக்கு ஏழு வயது. எது கிடைத்தாலும் தொங்குவாள். கிளை, கதவு, அப்பாவின் கழுத்து, எல்லாம் ஒன்றுதான். தண்ணீர்க் கேன் மேல் ஏறினாள், ஒரே தாவு, குறுக்குக் கம்பியில் தொங்கினாள்.

கம்பம் முன்பக்கம் சாய்ந்தது. தரையில் படிந்திருந்த பின்பக்கக் கம்பி ஒரு சாண் எழும்பிவிட்டது.

கோந்து பாய்ந்து தங்கையை இடுப்போடு பிடித்து இறக்கினாள். கம்பம் தொம்மென்று பின்னால் உட்கார்ந்தது. வாலு கைகொட்டிச் சிரித்தாள். கோந்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே குக்கர் சாரிடம் போனாள். "சார், அந்தக் கோல் கவுந்துடும் சார்."

குக்கர் சார் தலையைச் சொறிந்தார். கம்பத்தோடு நாலு மூட்டை வந்ததாம். மேலே 'எடை' என்று எழுதியிருந்ததாம். எடை என்றால் தூக்கிப் பழகத்தானே என்று அவர் அதை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். கம்பத்தின் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க வந்த மணல் மூட்டைகள் அவை. இப்போது கூடம் பூட்டிக் கிடந்தது. கூடத்துக்காரர் சாவியோடு மச்சான் ஊருக்குப் போயிருந்தார்.

மின்னல் அணியின் கேப்டன் நெட்டை பல்லைக் கடித்தாள். "இதை இப்பத்தான் சொல்லணுமாடி? யாரும் தொங்கலேன்னா அதுபாட்டுக்கு நிக்கும்."

"பந்து பலமா பட்டாலே சாயும். அடியில நிக்கப்போறது நான். இல்லேன்னா அவங்க கீப்பர்."

நடுவர் அக்கா வந்து ஒற்றை விரலால் கம்பத்தைத் தள்ளிப் பார்த்தார். இதை அழுத்தி நிறுத்தாமல் ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன் என்றார். வெளிச்சம் போவதற்குள் தொடங்காவிட்டால் இந்த வருடம் யாருக்கும் கோப்பை கிடையாது என்றும் சொன்னார்.

இரண்டு அணியும் திரும்பிக் கோந்துவைப் பார்த்தன. அந்தப் பார்வைச் சூட்டில் ஆம்லெட்டே போட்டிருக்கலாம்.

குக்கர் சார் ஒரு திட்டம் போட்டார். கூட்டத்திலேயே கனமான நாலு மாமாக்களைப் பொறுக்கியெடுத்துப் பின்பக்கக் கம்பியில் உட்காரவைத்தார். பூமியே ஒருமுறை பெருமூச்சு விட்டது. கம்பம் துளியும் அசையவில்லை.

சோதித்துப் பார்க்க, நெட்டை எதிர்ப்பக்கக் கோலுக்குள் ஒரு பந்தை உதைத்தாள். அவ்வளவுதான். "கோல்" என்று கத்திக்கொண்டு நாலு மாமாக்களும் எழுந்து குதித்தார்கள். கம்பம் தள்ளாடியது.

இனிமேல் எழுந்திரிக்கவே மாட்டோம் என்று மாமாக்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நெட்டை மறுபடியும் உதைத்தாள். மறுபடியும் குதித்தார்கள். ஒரு மாமா இந்தத் தடவை கரணமே அடித்தார்.

"உக்காரணும். ஆனா எழுந்திரிக்கக் கூடாது," என்று கோந்து முணுமுணுத்தாள். அப்படிப்பட்ட மாமாவுக்கு எங்கே போவது?

மைதானத்துக்கு எதிரேதான் அவள் அம்மாவின் தையல் கடை. வாசலில் வரிசையாகப் பேண்ட்டுகள் தொங்கின. கோந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அப்புறம் ஒரே ஓட்டம்.

"அம்மா, யாரும் திரும்ப வாங்காத பேண்ட் நாலு குடும்மா. மணல் ரொப்பணும்."

அம்மா விஷயத்தைக் கேட்டார். ஏன், எதற்கு என்று இழுக்கவில்லை. "காட்டன் வேணாம், ஒழுகும். ஜீன்ஸ எடு," என்றார். நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் எட்டுக் கால்களின் முனையையும் இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டார்.

நீளம் தாண்டுகிற குழியில் மணல் இருந்தது. இடி அணியும் மின்னல் அணியும் சேர்ந்து வாளி, தொப்பி, காலணி என்று கிடைத்ததில் அள்ளின. எல்லாரையும்விட வேகமாக அள்ளியது நெட்டைதான். ரொப்பிய பேண்ட்டுகளின் இடுப்பைக் கயிற்றால் இறுக்கி, பின்பக்கக் கம்பியில் ஆளுக்கொரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று உட்காரவைத்துக் கட்டினார்கள். இடுப்புக்கு மேலே மறைந்துபோன நாலு மாமாக்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவர் அக்கா விரலால் தள்ளினார், கையால் தள்ளினார், தோளால் தள்ளினார். கடைசியில் சிரித்தார்.

கரணம் அடித்த மாமா கண்ணைச் சுருக்கினார். "அந்த நீலம் என்னுது மாதிரி இருக்கே."

"போன வருஷம் இடுப்பு பிடிக்கக் குடுத்தீங்க அண்ணே," என்றார் அம்மா. "இனிமே பிரிச்சாலும் பத்தாது. மேட்ச் முடியட்டும், மணலக் கொட்டிட்டுத் தர்றேன்."

குக்கர் சார் விசில் ஊதினார். மூன்று தெருவிலும் அடுப்பு அணைந்தது.

கடைசி நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. புதுக் கம்பத்தில் கோந்து நின்றாள். இடி அணிக்காரி உதைத்த உதையில் பந்து குறுக்குக் கம்பியில் இடித்த 'டங்' சத்தத்துக்குப் பறவைகள் ஊரைவிட்டே கிளம்பின. கம்பம் நின்ற இடத்தில் நின்றது. திரும்பி வந்த பந்து கோந்துவின் கையில் ஒட்டிக்கொண்டது. அவள் வீசினாள், நெட்டை ஓடினாள், எதிர்ப்பக்க வலை குலுங்கியது.

மைதானமே எழுந்து குதித்தது. அம்மா குதித்தார், வாலு குதித்தாள், நடுவர் அக்காகூட யாரும் பார்க்காதபோது ஒரு குட்டிக் குதி குதித்தார்.

எழுந்திரிக்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நாலு பேண்ட்டுகள் மட்டும்தான்.