போர்ட்டிகோவில் மரத்தூள்

மேடைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள் இன்ஸ்பெக்டர் குணமணி. ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில், அழுக்குப் படாமல் அள்ளிப் பிடித்த சேலைக் கொசுவம்.

"இருக்கா மேடம்?" வெளியிலிருந்து ஆம்ப்ரோஸ் குரல் கொடுத்தார்.

"கரப்பான் பூச்சி இருக்கு. ரேம்ப் இல்லை."

1981. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு தேவாலயக் கூடம். ஊனமுற்றோர் ஆண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. ஐந்து மணிக்குப் பங்கு மக்கள் கூட்டம்; பிரமுகர் ஒருவரும் வருகிறார். முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நடக்க முடியாதவர்கள் மாதமொருமுறை சந்தித்துப் பேச இந்தக் கூடத்தைத் தருவதா, பேட்மிண்டன் குழுவுக்கு விடுவதா? கோரிக்கை பிரிஜட்டுடையது. அவள் நேரில் பேசாவிட்டால் அது தள்ளுபடி.

பிரிஜட் வாசலில் இருந்தாள், சக்கர நாற்காலியில். அவளுக்கும் கூடத்துக்கும் நடுவே மூன்று படிகள். நாற்காலி ஏற, ரேம்ப்பாகப் படிமேல் சாய்த்துப் போட வேண்டிய இரண்டு பலகைகளைத்தான் காணோம். புதுப் பச்சைப் பெயின்ட். சக்கரம் வழுக்காமலிருக்கக் குறுக்கே அடித்த மரச் சட்டங்கள். தச்சர் தன் பட்டறையிலேயே வேலையை முடித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

செபமாலையோடு கூட்டத்துக்கு வந்த குணமணிக்கு, விடுப்பு நாளிலும் வேலை வந்து சேர்ந்தது.

"கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான். நேத்து சாயந்தரம்." ஆம்ப்ரோஸ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கூடத்தின் செயலாளர், பேட்மிண்டன் குழுவின் தலைவரும் அவரே. "இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு டென்ஷன்? நாலு பேரு வீல்சேரோட தூக்கிட்டா போச்சு லா."

"நான் அரிசி மூட்டை இல்லை, அங்கிள்," என்றாள் பிரிஜட்.

குணமணி குனிந்தாள். போர்ட்டிகோவில், கடைசிப் படிக்குக் கீழே, கொஞ்சம் மரத்தூள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீ எப்ப வந்த பிரிஜட்?"

"இப்பதான்க்கா. பூன் லேயிலிருந்து டாக்சி. எங்க மாடியில லிஃப்ட் நிக்காது. பக்கத்து வீட்டு அஸ்மத் அண்ணன் இறக்கிவிட்டாரு."

"உன் அக்காவும் கூட வந்தாளா?"

"ஆமா. மதலேனாதான் இன்னைக்கு டீ ஏற்பாடு. உள்ளே இருக்கா."

வெயில் கொளுத்தியது. பிரிஜட் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். நாற்காலியின் கைப்பிடிகளின் மேல் மெல்லிய பச்சைக் கீறல்கள்.

பக்கத்துத் தாழ்வாரத்தில் சத்தம். சமையல்காரர் தனசேகரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். குணமணி போய்ப் பார்த்தாள். தரைவரை தொங்கும் வெள்ளை விரிப்பு. அதன்மேல் வடைத் தட்டு, கோப்பைகள். கோப்பைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றன.

"கோப்பி ஊத்தினா வழியுதுக்கா. இது என்ன மேசையோ!"

"உங்க மேசைதானே அண்ணே?"

"என்னோடது லாரியிலேயே கிடக்கு. வந்து பார்த்தா, துணி விரிச்சு ரெடியா இருந்துச்சு. மதலேனாம்மா, 'இதுலேயே வைங்க'ன்னு சொல்லிட்டாங்க."

குணமணி திரும்பி வாசலுக்கு வந்தாள். மதலேனாவையும் அழைத்தாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"பலகை கிடைச்சிருச்சு," என்றாள். "வடைக்கு அடியில."

ஆம்ப்ரோஸ் வாயைப் பிளந்தார்.

"ரெண்டு பெஞ்ச், அதுமேல பலகை, அதுமேல துணி. குறுக்குச் சட்டம் துருத்திக்கிட்டு நிக்குது. கப் எப்படி நேரா நிக்கும்? விரிச்சது மதலேனா. ஆனா தனியாளா அந்தப் பலகையைத் தூக்க முடியாது. வண்டி ஒண்ணு வேணும்." அவள் பிரிஜட்டின் கைப்பிடியைத் தட்டினாள். "சக்கரத்துல பச்சை ஒட்டியிருந்தா, ஏறிப் பார்த்தப்போ பட்டதுன்னு விட்டிருப்பேன். கைப்பிடி மேல எப்படி? பலகையைக் குறுக்கே வச்சுத் தள்ளியிருக்கீங்க. காலையிலேயே ரெண்டு பேரும் இங்க வந்திருக்கீங்க."

மதலேனா தலைகுனிந்தாள். பிரிஜட் குனியவில்லை.

"ஆமா. ஒளிச்சது நாங்கதான்."

"நல்லா இருக்கே!" ஆம்ப்ரோஸ் குதித்தார். "உனக்காகச் செஞ்சதை நீயே ஒளிச்சியா? இந்தப் பொண்ணை நம்பிக் கூடத்தைக் கொடுக்கணுமா?"

"கொஞ்சம் இருங்க மிஸ்டர் ஆம்ப்ரோஸ். பட்டறையில செஞ்ச பலகைக்கு, இந்தப் படிக்குக் கீழே மரத்தூள் எப்படி வந்துச்சு?"

அவர் கைக்குட்டை நின்றுபோனது.

"கார்..." என்றார் தயங்கி. "வர்ற பிரமுகரோட கார் போர்ட்டிகோவுல நிக்கணும். பலகை ரொம்ப நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நேத்து கொஞ்சம் அறுத்தேன். ஒரு ரெண்டு முழம்தான்..."

"நீளம் குறைஞ்சா சரிவு செங்குத்தாகும். படியோட உயரம் குறையாதே."

"ஏறிப் பார்த்திருந்தா ஏறியிருக்கலாம். பிரமுகரோட எடுக்கிற போட்டோவுலயும் பலகை நல்லாத்தான் இருந்திருக்கும்..."

குணமணி பிரிஜட்டின் முழுக்கைச் சட்டையைப் பார்த்தாள்.

"காலையில என்ன நடந்துச்சு?"

"இப்ப சொல்ல மாட்டேன்க்கா."

"கூட்டத்துல சொல்வியா?"

"கூட்டம் எங்க நடக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

குணமணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கூடத்துக்குள் போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிவந்து போர்ட்டிகோவில், கார் நிற்க வேண்டிய இடத்தில், போட்டாள். தனசேகரன் நான்கைத் தூக்கி வந்தார். பிறகு எல்லோரும். கடைசியாக, எவரையும் பார்க்காமல், ஆம்ப்ரோஸ்.

பிரமுகரின் கார் சாலையிலேயே நின்றது. அவர் நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மைக்கை மதலேனா தங்கையின் உயரத்துக்கு இறக்கினாள். பிரிஜட் வலது கைப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை மேலே சுருட்டினாள். முழங்கை வரை கட்டு. கட்டின்மேல் ரத்தம் ஊறியிருந்தது.

"இன்னைக்குக் காலையில இந்த வாசல்ல, அறுத்த பலகையில ஏறிப் பார்த்தப்போ, நான் பின்பக்கமா விழுந்தேன். சொன்னா, 'இதுக்குத்தான் வீட்டோட இரு'ன்னு சொல்லுவீங்க. அதனாலதான் பலகையை ஒளிச்சேன். இப்ப நீங்க எல்லாரும் இறங்கி வந்துட்டீங்க. அதனால சொல்றேன்."