மூடாத வால்வு

ஃபிட்டர் சங்கிலிமுத்து மூடிவிட்டுப் போன வால்வு மறுபடியும் திறந்து கிடந்தது. குழாயைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டான்.

கார்த்திகை அடைமழை. தீக்குச்சி காய வெயில் இல்லை. அதனால் நாரணாபுரம் சாலையிலிருந்த அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியின் முதலாளி காசிராஜன், பாய்லரிலிருந்து நீராவியைக் குழாயில் கொண்டுவந்து முன்பொரு தீயில் மருந்து முக்கும் சிறுவன் கருகிப்போன இடத்தில் ஓர் உலர்த்தும் அறை கட்டியிருந்தார். சூடு ஏறினால் சின்ன மோட்டார் ஒன்று சுழன்று வால்வை அடைக்க வேண்டும். அது அடைக்கவே இல்லை. எத்தனை முறைதான் கழற்றி மாட்டுவது? “வேலை தெரியலைன்னா சொல்லிருப்பா, வேற ஆளைப் பாக்கேன்” என்று காசிராஜன் எல்லார் முன்னாலும் சொன்னது இன்னும் காந்தியது. குச்சி செருகிய மரச் சட்டங்களை வெளியே எடுக்கவும் விடவில்லை. ஆர்டர் நனைந்துவிடுமாம்.

மருந்தில் முக்கிய குச்சிகள் சட்டம் சட்டமாக உத்தரம்வரை அடுக்கப்பட்டிருந்தன. ஈரச் சாக்கின் வாடை, பசையின் புளிப்பு, மூக்கைக் கரிக்கும் கந்தகம், சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒட்டும் பெண்களின் சளசளப்பு, ஓட்டின்மேல் ஓயாத மழை. அத்தனைக்கும் அடியில், யாரோ பல்லைக் கடிப்பதுபோல அந்த மோட்டாரின் நறநறப்பு.

“ஏலே இருளாண்டி! பாய்லர் தீயை அணைச்சியா இல்லையா?”

பாய்லர் பார்க்கும் இருளாண்டி நனைந்தபடி வாசலுக்கு வந்தான். “காலைலயே அணைச்சாச்சு அண்ணாச்சி. சாம்பலே ஆறிப்போச்சு.”

“பெறகு எப்படிலே குழாய் இந்தச் சூடு சுடுது?”

இருளாண்டி உள்ளே வந்து குழாயைத் தொட்டுப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டான்.

சங்கிலிமுத்து எரிச்சலோடு ஸ்பேனரைப் பிடித்துத் திருகினான். துருப்பிடித்த மரை அசையவில்லை. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி உரிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பழையதைக் கழற்றி எறிந்தான். சணல் சுற்றி, மோட்டாரோடு கூடிய புது வால்வை முடுக்கினான். ஒயரை இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் மோட்டார் நறநறவென்று சுழன்றது. வால்வு திறந்தது.

“அண்ணாச்சி... கரண்டு?” இருளாண்டி தொங்கிய ஒயரைக் காட்டினான்.

சங்கிலிமுத்து அதையும் கழற்றித் தரையில் வைத்தான். தரையிலும் அது சுழன்றது.

“ஓடுலே. பொம்பளைகளை வெளிய கூட்டிட்டுப் போ. ஒருத்தரும் உள்ள இருக்கப்படாது. ஓடு!”

சுவருக்கு அப்பால் கூச்சல். ஓடும் காலடிகள்.

திறந்த குழாய் வாயிலிருந்து நீராவி வரவில்லை. வறண்ட சூடு மட்டும் வந்தது. விட்டு விட்டு. மூச்சுபோல. பக்கத்துச் சட்டத்தில் மருந்து வியர்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு குச்சி பற்றினால் போதும். பெண்கள் வாசலைத் தாண்டுமுன் கொட்டகையே போய்விடும்.

ஈரச் சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தான். குழாய் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேறு வழியில்லை. உள்ளங்கையால் பொத்தினான். தோல் பொசுங்கியது. பல்லைக் கடித்தான். விடவில்லை.

“எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி!” மழைக்குள்ளிருந்து இருளாண்டி கத்தினான். “நீங்களும் வாங்க!”

சூடு சட்டென்று நின்றது. குழாய் குளிர்ந்தது. சங்கிலிமுத்து பெருமூச்சு விட்டான். கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

குழாய்க்குள்ளிருந்து அவன் உள்ளங்கைமேல் இன்னொரு உள்ளங்கை. சின்னது. குழந்தையின் கையளவு. மருந்துப் பிசுபிசுப்போடு ஐந்து விரல்கள் அவன் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்தன.

இறுக்கிக் கோத்துக்கொண்டன.